‘பாலிசி அப்ளை ஆகவில்லை’ என்றால் எங்கே தேடுவது?

300 கணினிகள் உள்ள ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். பத்து நிமிடம் யாரும் தொடவில்லை என்றால் திரை தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும், பென் டிரைவைச் செருகினால் திறக்கக் கூடாது என்று தலைமை அலுவலகத்தில் ஒருவர் முடிவு செய்து, சர்வரில் ஒரே இடத்தில் அதைப் பதிவு செய்கிறார். பெரும்பாலான கணினிகள் கட்டுப்படுகின்றன. இருபது மட்டும் கட்டுப்படவில்லை. ‘பாலிசி அப்ளை ஆகவில்லை’ என்று கணினிப் பிரிவுக்குப் புகார் போகிறது. அதன் பிறகு நடப்பது ஏறக்குறைய எல்லா அலுவலகங்களிலும் ஒன்றுதான். முதலில் ‘ஜிபிஅப்டேட் ஃபோர்ஸ்’ கட்டளையைத் தட்டுகிறார்கள். பிறகு கணினியை அணைத்துப் போடுகிறார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் டொமைன் எனப்படும் அலுவலகக் கணினிக் கூட்டத்திலிருந்து கழற்றி மீண்டும் சேர்க்கிறார்கள். கடைசியில் ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். இந்த வரிசையில் எந்த இடத்திலும் ‘ஏன்’ என்ற கேள்வி வருவதில்லை. போதாக்குறைக்கு, ஒவ்வொரு படியும் அந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய தடயங்களைக் கலைத்துக்கொண்டே போகிறது. இந்தப் பழக்கத்தை விட வேண்டும் என்பது என் வாதம். காரணம் எளிமையானது. மையத்தில் எழுதப்படும் பாலிசியை யாரும் கணினிக்கு அனுப்பி வைப்பதில்லை. ஒவ்வொரு கணினியும் தானே போய் அதை எடுத்து வருகிறது. தனக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கின் விடையைத்தான் செயல்படுத்துகிறது. கணக்குப் போட்டது அந்தக் கணினி என்பதால், போட்ட விதத்தைக் குறித்து வைத்திருப்பதும் அதுவே. கோளாறைத் தேடுகிறவர் முதலில் படிக்க வேண்டியது அந்தக் குறிப்பைத்தான்.

விண்டோஸ் உலகில் இந்த ஏற்பாட்டுக்குக் குரூப் பாலிசி என்று பெயர். 2000 பிப்ரவரியில் வெளிவந்த விண்டோஸ் 2000-உடன், ஆக்டிவ் டைரக்டரி என்ற மையப் பதிவேட்டோடு சேர்ந்து அது வந்தது. அதற்கு முன் விண்டோஸ் என்டி 4.0 காலத்தில் சிஸ்டம் பாலிசி என்ற எளிய முறை இருந்தது. அதில் ஒரு பெரிய தொல்லை: ரெஜிஸ்ட்ரியில் ஒரு முறை எழுதிய செட்டிங், சர்வரில் விதியை நீக்கிய பிறகும் கணினியில் அப்படியே தங்கிவிடும். குரூப் பாலிசி ரெஜிஸ்ட்ரியில் பாலிசிகளுக்கென்று தனிப் பகுதிகளை ஒதுக்கி, விதி விலகினால் அங்கே எழுதியதும் விலகும்படி செய்தது. கணினி இயங்கத் தொடங்கும்போது கணினிக்கான விதிகளும், பயனர் உள்ளே நுழையும்போது பயனருக்கான விதிகளும் எடுத்து வரப்படுகின்றன. அதன் பிறகு 90 நிமிடத்துக்கு ஒரு முறை, அதோடு 0 முதல் 30 நிமிடம் வரை ஏதாவதொரு தாமதத்தைச் சேர்த்துக்கொண்டு, கணினி மறுபடி போய்ப் பார்க்கிறது. எல்லாக் கணினிகளும் ஒரே நொடியில் சர்வரை மொய்க்கக் கூடாது என்பதற்காகவே அந்தத் தாமதம். டொமைன் கன்ட்ரோலர் எனப்படும் மைய சர்வர்கள் மட்டும் தங்களுக்கான விதிகளை 5 நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்கின்றன. ஆகவே பாலிசி என்பது பள்ளியின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளைப் போன்றது. ஒட்டியவரின் வேலை ஒட்டியதோடு முடிந்தது. பலகைக்கு யார் வந்தார், எந்தத் தாளைப் படித்தார், அது தன் வகுப்புக்குரியதா என்று எப்படி முடிவு செய்தார் என்பதெல்லாம் வந்தவரைக் கேட்டால்தான் தெரியும். சர்வரின் நிர்வாகத் திரையில் ‘இயக்கப்பட்டது’ என்று தெரிவது, தாள் ஒட்டப்பட்டது என்பதற்கு மட்டுமே சாட்சி.

முதலில், பலகைக்கு வந்து சேர்வதே அவ்வளவு சுலபமில்லை. டொமைன் கன்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்பதைக் கணினி டிஎன்எஸ் வழியாகத்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. அலுவலகத்தின் உள் டிஎன்எஸ் சர்வருக்குப் பதிலாக யாரோ ஒருவர் வெளியிலுள்ள பொது டிஎன்எஸ் முகவரியைப் போட்டுவிட்டால், அந்தக் கணினியில் இணையம் அருமையாக ஓடும். டொமைனை மட்டும் அதனால் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடித்துவிட்டாலும் அடையாளச் சோதனை உண்டு. அதைச் செய்யும் கெர்பரோஸ் முறை, கணினியின் கடிகாரமும் சர்வரின் கடிகாரமும் 5 நிமிடத்துக்கு மேல் விலகியிருந்தால் இயல்பாகவே அனுமதி மறுத்துவிடும். மதர்போர்டில் பேட்டரி தீர்ந்துபோன பழைய கணினிகளில் கடிகாரம் பின்தங்கிக்கொண்டே இருப்பது எல்லோருக்கும் தெரியும். பாலிசி வராததற்கு அதுவும் ஒரு காரணமாகலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. இதையெல்லாம் கடந்த பிறகு இன்னொரு சிக்கல். ஒவ்வொரு பாலிசித் தொகுப்பும் இரண்டு துண்டுகளாக இருக்கிறது. ஒன்று ஆக்டிவ் டைரக்டரிக்குள் இருக்கும் பதிவு. மற்றொன்று சிஸ்வால் என்ற பொதுக் கோப்புறையில் கிடக்கும் கோப்புகள். பல டொமைன் கன்ட்ரோலர்கள் இருக்கும் நிறுவனத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு வழிகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகலாகின்றன. முதல் துண்டு கிளை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்து, இரண்டாவது வழியில் சிக்கிக்கொண்டால், அந்தக் கிளையின் கணினிகளுக்குப் பெயர் தெரியும், உள்ளடக்கம் தெரியாது. இதைக் கண்டுபிடிப்பதற்காகவே இரண்டு துண்டுகளிலும் பதிப்பு எண் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டும் ஒத்துப்போக வேண்டும். இந்த ஒவ்வொரு தடங்கலுக்கும் கணினியின் நிகழ்வுப் பதிவேட்டில் தனித்தனி எண் விழுகிறது. டொமைன் கன்ட்ரோலருக்கு நெட்வொர்க் வழியே இல்லை என்றால் 1129. சிஸ்வாலில் இருக்கும் கோப்பைப் படிக்க முடியவில்லை என்றால் 1058. இந்த எண்ணைப் பார்த்தவர் அரை நாள் தேடலை மிச்சப்படுத்திக்கொள்கிறார்.

பாலிசி கையில் கிடைத்த பிறகு தொடங்குவதுதான் உண்மையான கணக்கு. வரிசை நான்கு படிகள் கொண்டது: முதலில் அந்தக் கணினியிலேயே எழுதப்பட்ட உள்ளூர் விதி, அடுத்து அது இருக்கும் சைட் என்ற நெட்வொர்க் இடத்துக்கான விதி, பிறகு டொமைன் முழுமைக்குமான விதி, கடைசியாக அந்தக் கணினியோ பயனரோ வைக்கப்பட்டிருக்கும் ஓயூ என்ற பிரிவின் விதி. ஓயூவுக்குள் ஓயூ இருந்தால் உள்ளே போகப் போக ஒவ்வொன்றாகச் சேர்கிறது. முரண்பட்டால் கடைசியில் எழுதியது நிற்கும். இதற்கு விலக்குகள் உண்டு. கீழே உள்ள ஓயூ, மேலிருந்து வருவதைத் தடுத்துக்கொள்ளலாம். மேலே உள்ளவர் ‘என்ஃபோர்ஸ்டு’ என்று குறித்துவிட்டால் அந்தத் தடுப்பு செல்லாது. ஒரு தொகுப்புக்குள்ளேயே கணினிப் பகுதி, பயனர் பகுதி என்று இரண்டு உண்டு. கணினிக்கான செட்டிங்கை, பயனர் கணக்குகள் மட்டும் இருக்கும் ஓயூவுடன் இணைத்துவிட்டால் ஒன்றும் நடக்காது. பிழைச் செய்தியும் வராது, ஏனென்றால் விதிப்படி பார்த்தால் அது பிழையே இல்லை. லூப்பேக் என்ற வசதி இயக்கப்பட்டிருந்தால், பயனர் எந்த ஓயூவில் இருந்தாலும், அவர் உட்கார்ந்திருக்கும் கணினியின் ஓயூவைப் பார்த்துப் பயனர் விதிகள் கணக்கிடப்படும். பொது அறைகளில் வைத்திருக்கும் கணினிகளுக்கு அது தேவை, ஆனால் அது இயங்குவதை மறந்தவருக்கு விடைகள் புதிராகவே தெரியும். கடவுச்சொல்லின் நீளத்துக்கும் ஆயுளுக்கும் தனி வழக்கு. டொமைன் கணக்குகளுக்கு அது டொமைன் மட்டத்திலிருந்து மட்டுமே செல்லும். கணக்குப் பிரிவு ஊழியர்களுக்கு மட்டும் கடுமையான கடவுச்சொல் வேண்டும் என்று அவர்களின் கணினிகள் இருக்கும் ஓயூவில் எழுதினால், அந்தக் கணினிகளின் உள்ளூர்க் கணக்குகளுக்கு மட்டும் அது பொருந்தும். ஊழியர்கள் தினமும் பயன்படுத்தும் டொமைன் கடவுச்சொல்லில் எந்த மாற்றமும் இருக்காது. எழுதியவர் பாதுகாப்பைக் கூட்டிவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பார்.

இந்தக் கணக்கில் இன்னொரு வடிகட்டி அனுமதி. ஒரு தொகுப்பு ஒருவருக்குப் பொருந்த வேண்டுமானால் அதைப் படிக்கும் உரிமையும், செயல்படுத்தும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும். இயல்பாக இரண்டும் ‘ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்’ என்ற பெருங்குழுவுக்கு, அதாவது டொமைனில் அடையாளம் காட்டிய எல்லாப் பயனர்களுக்கும் எல்லாக் கணினிகளுக்கும், கொடுக்கப்பட்டிருக்கும். குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் விதி வேண்டும் என்றால், நிர்வாகிகள் இந்தப் பெருங்குழுவை நீக்கிவிட்டுத் தங்களுக்கு வேண்டிய சிறு குழுவை அங்கே போடுவார்கள். ஆண்டுக்கணக்கில் இது நன்றாகவே நடந்துவந்தது. 2016 ஜூன் 14 அன்று மைக்ரோசாஃப்ட் எம்எஸ்16-072 என்ற பாதுகாப்புத் திருத்தத்தை வெளியிட்டது. கணினிக்கும் டொமைன் கன்ட்ரோலருக்கும் நடுவே புகுந்துகொள்ளும் ஒருவர், போகும் வழியிலேயே பாலிசியை மாற்றிவிடக்கூடிய ஓட்டை ஒன்றை அடைப்பது அதன் நோக்கம். அதற்காக ஓர் அடிப்படை நடைமுறையை அது மாற்றியது. அதுவரை பயனருக்கான விதிகளைப் பயனரின் அடையாளத்தைக் காட்டியே எடுத்து வந்தார்கள். இனி கணினியின் அடையாளத்தைக் காட்டி எடுத்து வர வேண்டும். விளைவு உடனே தெரிந்தது. பெருங்குழுவை நீக்கி வைத்திருந்த தொகுப்புகளில் பயனர்கள் இருந்த சிறு குழுவுக்குத்தான் படிக்கும் உரிமை இருந்தது, கணினிகளுக்கு இல்லை. உலகெங்கும் அலுவலகங்களில் டெஸ்க்டாப்பில் மறைத்து வைத்திருந்த டிரைவுகள் வெளியே தெரிந்தன, இணைக்கப்பட்டிருந்த பிரிண்டர்கள் காணாமல் போயின. சர்வரில் எந்த விதியையும் எவரும் தொடவில்லை. நிர்வாகத் திரையில் எல்லாம் முந்தைய நாள் இருந்தது போலவே இருந்தது. கணினியை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும், எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் பயன் இருந்திருக்காது. திருத்தம் ஏறியவுடன் அதே விடைதான் மறுபடி வரும். ஆனால் பாதிக்கப்பட்ட கணினியில், அது போட்ட கணக்கின் விடையைக் காட்டும் ‘ஜிபிரிசல்ட்’ அறிக்கையை எடுத்தவருக்கு, குறிப்பிட்ட தொகுப்பு அணுக முடியாததாகவும் பொருந்தாமல் போனதாகவும் தெரிந்தது. தீர்வு ஒரு வரி: டொமைன் கணினிகளுக்கோ ஆதென்டிகேட்டட் யூசர்ஸ் குழுவுக்கோ படிக்கும் உரிமையை மட்டும் திருப்பிக் கொடுப்பது. செயல்படுத்தும் உரிமையைத் தொட வேண்டியதில்லை.

குழுக்களைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு கணினியைப் புதிதாக ஒரு குழுவில் சேர்த்தால், அந்த உறுப்பினர் தகுதியைக் கணினி அடுத்த முறை இயங்கத் தொடங்கும்போதுதான் பெறுகிறது. பயனர் என்றால் அடுத்த முறை உள்ளே நுழையும்போது. ‘சேர்த்துவிட்டேன், இன்னும் வரவில்லை’ என்ற புகார்களில் பெரும் பங்கு இதிலேயே அடங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

விதி பொருந்திவிட்டது, பட்டியலிலும் இருக்கிறது, ஆனாலும் செட்டிங் மாறவில்லை என்ற நிலையும் உண்டு. கணக்கின் விடையைச் செயல்படுத்துவது ஒரே ஒரு நிரல் இல்லை. ரெஜிஸ்ட்ரிக்கு ஒன்று, பாதுகாப்புக்கு ஒன்று, மென்பொருள் நிறுவலுக்கு ஒன்று என்று கணினிக்குள் தனித்தனி நீட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பழக்கம். மென்பொருள் நிறுவலும் கோப்புறை இடமாற்றமும் பின்னணியில் நடக்காது. கணினி இயங்கத் தொடங்கும்போதோ பயனர் நுழையும்போதோதான் நடக்கும். அதிலும் விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து, பயனர் காத்திருக்கக் கூடாது என்பதற்காக, நெட்வொர்க் தயாராகும் முன்பே உள்ளே விட்டுவிடும் வழக்கம் வந்துவிட்டது. ஆகவே இத்தகைய மாற்றங்கள் இரண்டாவது முறை நுழையும்போது, சில வேளை மூன்றாவது முறை நுழையும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். இணைப்பின் வேகம் 500 கேபிபிஎஸ்-க்குக் கீழே இருந்தால் அதை மெதுவான இணைப்பாகக் கருதி, மென்பொருள் நிறுவல் போன்ற கனமான வேலைகளைக் கணினி தவிர்த்துவிடும்; பாதுகாப்பு விதிகளும் ரெஜிஸ்ட்ரி விதிகளும் மட்டும் தடையின்றி நடக்கும். மிக முக்கியமானது பதிப்பு எண். பாலிசித் தொகுப்பு கடந்த முறைக்குப் பிறகு மாறவில்லை என்றால், பெரும்பாலான நீட்சிகள் ‘புதிதாக ஒன்றும் இல்லை’ என்று ஒதுங்கிவிடும். நடுவில் அட்மின் உரிமை உள்ள ஒருவரோ ஒரு மென்பொருளோ ரெஜிஸ்ட்ரியில் அந்த மதிப்பை மாற்றியிருந்தால், 90 நிமிடச் சுழற்சி அதைக் கவனிக்காமலே கடந்துபோகும். பாதுகாப்புச் செட்டிங்குகள் மட்டும் மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் 16 மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி எழுதப்படும்.

இங்கே முதல் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்ல முடியும். ‘ஃபோர்ஸ் கட்டளையைத் தட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறதே, பிறகு எதற்கு இத்தனை ஆராய்ச்சி?’ என்று அனுபவமுள்ளவர்கள் கேட்பார்கள். உண்மைதான், சில வேளை சரியாகிறது. ஆனால் அந்தக் கட்டளை செய்வது என்ன என்று பாருங்கள். பதிப்பு எண் மாறாவிட்டாலும் எல்லாவற்றையும் மறுபடி எழுது என்று அது சொல்கிறது, அவ்வளவே. ஆகவே அது பலித்தது என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது: ஒன்று, சுழற்சி வரும் முன் நாம் அவசரப்பட்டோம், அல்லது, பாலிசி எழுதிய மதிப்பை அந்தக் கணினியில் வேறு ஏதோ மாற்றியிருக்கிறது. இரண்டாவது நிலை என்றால், அது நாளையும் மாற்றும். யார் அதற்கு அட்மின் உரிமை கொடுத்தார்கள், எந்த மென்பொருள் அதைச் செய்கிறது என்று தேடத் தொடங்க வேண்டிய இடத்தில், ‘சரியாகிவிட்டது’ என்று புகாரை மூடிவிடுகிறோம். பலிக்காத நிலைகளைப் பொறுத்தவரை, டிஎன்எஸ் தவறு, கடிகார விலகல், தவறான ஓயூ, அனுமதி இல்லாமை ஆகிய எதையும் அந்தக் கட்டளை தொடுவதே இல்லை. தவறான கணக்கை மறுபடி போடச் சொன்னால் அதே விடைதான் வரும்.

இரண்டாவது ஆட்சேபம் நேரத்தைப் பற்றியது, அதை நான் மதிக்கிறேன். பில் போட முடியாமல் ஒருவர் காத்திருக்கும்போது பதிவேடு படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. ஃபார்மட் செய்து கொடுத்தால் மதியத்துக்குள் வேலை முடியும். கணினிக்குள்ளேயே ஏதோ கெட்டுப்போயிருந்தால் அது சரியான வழியாகவும் இருக்கலாம். உள்ளூர்ப் பாலிசிக் கோப்பு சிதைந்து போவது உண்டு. கணினிக்கும் டொமைனுக்கும் இடையிலான நம்பிக்கை உறவு அறுந்து போவதும் உண்டு: ஒவ்வொரு கணினிக்கும் டொமைனில் ஒரு கடவுச்சொல் இருக்கிறது, இயல்பாக 30 நாளுக்கு ஒரு முறை கணினி தானே அதை மாற்றிக்கொள்கிறது, பழைய நகலிலிருந்து கணினியை மீட்டெடுத்தால் இரண்டு பக்கமும் வெவ்வேறு கடவுச்சொல்லை வைத்திருக்கும். ஆனால் இந்த நிலைகளையும் கூட ஊகத்தால் அறிய முடியாது, பதிவைப் பார்த்தால்தான் தெரியும். மற்றபடி கோளாறு ஓயூவிலோ அனுமதியிலோ இருந்தால், ஃபார்மட் செய்த கணினி அதே பெயரோடு, அதே இடத்துக்கே திரும்பி வருகிறது. சில வேளை நிலைமை இன்னும் மோசமாகும். பழைய கணக்கை அழித்துவிட்டுப் புதிதாக டொமைனில் சேர்த்தால், கணினி இயல்பாக ‘கம்ப்யூட்டர்ஸ்’ என்ற பொதுக் கொள்கலனில் போய் விழும். அது ஓயூ இல்லை. அதனுடன் எந்தப் பாலிசியையும் இணைக்க முடியாது. முன்பு ஒரு விதி மட்டும் வராமல் இருந்த கணினிக்கு, இப்போது அந்தப் பிரிவின் எந்த விதியும் வராது. மதியத்துக்குள் முடிந்த வேலை மறுவாரம் வேறு புகாராகத் திரும்பும்.

நேரம் உண்மையிலேயே எவ்வளவு தேவை? கட்டுப்படாத கணினியில் அட்மின் உரிமையோடு ஜிபிரிசல்ட் கட்டளையை இயக்கி அறிக்கையைக் கோப்பாக எடுக்கச் சில நிமிடம் போதும். அட்மின் உரிமை இல்லாமல் இயக்கினால் பயனர் பகுதி மட்டுமே வரும்; கணினிப் பகுதி விடுபட்டுப் போனதைக் கவனிக்காமல் ‘பாலிசியே இல்லை’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது ஒரே கேள்வி: நாம் எதிர்பார்க்கும் தொகுப்பு, பொருந்தியவற்றின் பட்டியலில் இருக்கிறதா, மறுக்கப்பட்டவற்றின் பட்டியலில் இருக்கிறதா, இரண்டிலும் இல்லையா? இரண்டிலும் இல்லை என்றால் அந்தக் கணினியோ பயனரோ தவறான ஓயூவில் இருக்கிறார், அல்லது தொகுப்பு எங்கும் இணைக்கப்படவில்லை, அல்லது நகல் இன்னும் வந்து சேரவில்லை. மறுக்கப்பட்டதில் இருந்தால் காரணமும் பக்கத்திலேயே இருக்கும்: அனுமதி இல்லை, கணினியின் தன்மைகளைச் சோதிக்கும் டபிள்யூஎம்ஐ வடிகட்டியின் நிபந்தனை பொருந்தவில்லை, தொகுப்பு காலியாக இருக்கிறது, முடக்கப்பட்டிருக்கிறது. பொருந்தியதில் இருந்தால், அந்தக் குறிப்பிட்ட செட்டிங்குக்கு எதிரே ‘வென்ற தொகுப்பு’ எது என்று பார்க்க வேண்டும். அங்கே நாம் எதிர்பாராத ஒரு பெயர் இருந்தால் தேடல் முடிந்தது. நம் பெயரே இருந்தால் கோளாறு நீட்சியில் இருக்கிறது. குரூப் பாலிசிக்கென்று விஸ்டா முதல் தனியாக இருக்கும் செயல்பாட்டுப் பதிவேடு அடுத்த இடம். ஆர்சாப் என்ற பழைய திரையை இதற்கு நம்ப வேண்டாம். எல்லா வகைச் செட்டிங்குகளையும் அது காட்டுவதில்லை. சர்வரில் ‘மாடலிங்’ என்றொரு வசதியும் உண்டு. அது டொமைன் கன்ட்ரோலர் செய்து பார்க்கும் ஒத்திகை. இப்படி நடக்க வேண்டும் என்று அது சொல்லும். கணினியில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது.

இது வெறும் வசதிப் பிரச்சினையாக இருந்தால் இவ்வளவு அழுத்திச் சொல்ல மாட்டேன். பாதுகாப்பு விதிகள் எல்லாம் இந்த வழியாகத்தான் போகின்றன. ஒன்றைச் செய்தாகிவிட்டது என்பதையும் அதன் பலன் கிடைத்துவிட்டது என்பதையும் ஒன்றாக எண்ணுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு 2014 மே மாதம் வந்த எம்எஸ்14-025 திருத்தம் நல்ல உதாரணம். விண்டோஸ் சர்வர் 2008 முதல், ‘பிரிஃபரன்சஸ்’ என்ற வசதி வழியாக எல்லாக் கணினிகளுக்கும் உள்ளூர் அட்மின் கடவுச்சொல்லை ஒரே இடத்திலிருந்து வைக்க முடிந்தது. அந்தக் கடவுச்சொல் மறையாக்கம் செய்யப்பட்டு சிஸ்வாலில் ஒரு கோப்பில் எழுதப்படும். சிஸ்வாலை டொமைனில் உள்ள எவரும் படிக்கலாம். மறையை அவிழ்க்கும் சாவியோ மைக்ரோசாஃப்டின் சொந்த ஆவணத்திலேயே பகிரங்கமாக வெளியாகியிருந்தது. திருத்தம் வந்த பிறகு புதிதாக அப்படிக் கடவுச்சொல் எழுத முடியாமல் போனது. ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த கோப்புகளைத் திருத்தம் அழிக்கவில்லை. நிர்வாகிகள் தேடிப் பிடித்து அழிக்க வேண்டியிருந்தது. திருத்தத்தை ஏற்றியதோடு நிம்மதியடைந்தவர்களின் சிஸ்வாலில் அந்தக் கோப்புகள் அப்படியே கிடந்தன.

மூன்றாவது ஆட்சேபம் காலத்தைப் பற்றியது. ‘குரூப் பாலிசி பழங்கதை, இப்போது இன்ட்யூன் போன்ற மேகச் சேவைகள் வந்துவிட்டன, இந்தக் கணக்கெல்லாம் இனி தேவையில்லை’ என்பார்கள். கருவி மாறியிருக்கிறது, நடைமுறை மாறவில்லை. இன்ட்யூனில் எழுதிய விதியையும் கணினியே போய் எடுத்து வர வேண்டும். வழக்கமான சுழற்சி ஏறக்குறைய 8 மணி நேரத்துக்கு ஒரு முறை. பல நிறுவனங்களில் பழையதும் புதியதும் ஒரே கணினியில் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டும் முரண்பட்டால் இயல்பாகக் குரூப் பாலிசியே வெல்லும். மேகத்திலிருந்து வருவது வெல்ல வேண்டும் என்று சொல்லும் வசதி விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பில்தான் வந்தது; அதுவும் ஒரு வகை விதிகளுக்கு மட்டும். ஆக, முன்பு ஒரு கணக்கு இருந்த இடத்தில் இப்போது இரண்டு கணக்குகள் இருக்கின்றன. குரோம் உலாவிக்கும் தனிப் பாலிசிகள் உண்டு. அதன் பாலிசிப் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு விதிக்கும் எதிரே அது இயங்குதளத்திலிருந்து வந்ததா, மேகத்திலிருந்து வந்ததா என்று எழுதியிருக்கும். வீட்டில் தனியாக வாங்கிய கணினியில் ‘சில அமைப்புகளை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்ற வரியைப் பார்த்துத் திகைப்பவர்களுக்கும் இதுவே பதில். பாலிசிக்கென்று ஒதுக்கிய ரெஜிஸ்ட்ரிப் பகுதியில் ஏதோ ஒரு மென்பொருள் ஒரு மதிப்பை எழுதியிருக்கிறது. எழுதியது நிறுவனமா இல்லையா என்று விண்டோஸ் பிரித்துப் பார்ப்பதில்லை. எந்த மதிப்பு, எந்த மென்பொருள் என்று தேடினால் கிடைத்துவிடும். அது தேவையற்ற மென்பொருளாக இருக்கவும் வாய்ப்பு உண்டு என்பதால் தேடுவது நல்லது.

கடைசியாக, அலுவலகங்களை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பெரும்பாலான இடங்களில் புகாரை முதலில் எடுக்கும் ஊழியருக்கு, தன் மேசையிலிருந்தபடியே தொலைவிலுள்ள கணினியின் பாலிசி விடையைப் படிக்கும் உரிமை இருப்பதில்லை. அந்த உரிமை இல்லாதவரிடம் மிஞ்சியிருப்பது அணைத்துப் போடுவதும் ஃபார்மட் செய்வதும்தான். அவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை. பாலிசி நிர்வாகத் திரையில், ஒவ்வொரு டொமைனுக்கும் ஓயூவுக்கும், விதிகளை மாற்றும் உரிமையைக் கொடுக்காமல், விடைகளைப் படிக்கும் உரிமையை மட்டும் ஒரு குழுவுக்கு வழங்கும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் முதல்நிலை உதவிக் குழுவுக்கு அதை இந்த வாரமே கொடுங்கள். ஒரு கணினியை ஃபார்மட் செய்ய அனுமதி கேட்டு யாராவது வந்தால், ஜிபிரிசல்ட் அறிக்கையை இணைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.